சிரிப்பை மொழிபெயர்க்காதவன்

பாரிசில், எங்கள் கடைகள் நிறைந்த லா சப்பலில் மரக்கறி வாங்கப் போனால் என்னைக் கண்டு விலகிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று கைபேசியை எடுத்துக் காதில் வைப்பார். எனக்குக் கோபமில்லை. அகதி விசாரணையில் அவர்களுக்கு மொழிபெயர்த்தவன் நான். வீட்டில்கூடச் சொல்லாத கதைகளை "நான்", "எனக்கு" என்று அவர்களுடைய வாயாகவே பிரெஞ்சில் சொன்னவன். எங்கள் தொழில்முறை அது. பதினேழு வருடத்தில் எத்தனை பேருடைய "நான்" என் வாய்வழியே போயிருக்கிறது! சிலவேளை பல் தீட்டும்போது ஒரு வசனம் தானாக வாயில் வரும். யாருடையது என்று பிடிபடாது. பயமாகத்தான் இருக்கும்.

விசாரணைக்கு வந்த தவமணி என்ற பெண்ணின் "ஒண்டுமில்லை" மட்டும் யாருடையது என்று எனக்குத் தெரியும். கணவனைப் பிடித்துக்கொண்டு போனதையும், பிறகு உடலை அடையாளம் காட்டப் போனதையும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சிரிப்புத் தெரியும். அந்நியர் முன்னால் அழ வெட்கப்பட்டால் முகம் அப்படித்தான் ஆகும். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "பூர்குவா வு சூரியே?" என்றார். ஏன் சிரிக்கிறீர்கள் என்று தமிழில் கேட்டேன். தவமணிக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது. "ஒண்டுமில்லை" என்று இன்னும் சிரித்தார். அதையும் அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். சொன்னதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கக் கூடாது என்பது விதி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

ஏறக்குறைய ஐந்நூறு வருடங்களுக்கு முன் இதே நகரத்தில் ஒருவர் எபிரேயமும் அரபும் கற்பித்தார். பிரெஞ்சுத் தூதருடன் இஸ்தான்புல் போய்ச் சுவடிகள் கொண்டுவந்தவர். எபிரேய மறைநூல் ஒன்றை லத்தீனில் மொழிபெயர்த்தவர், மூலத்தில் இல்லாததையெல்லாம் விளக்கமாகச் சேர்த்தார். வெனிசில் தான் அறிந்திருந்த, செத்துப்போன ஒரு பெண் தனக்குள் வந்து பேசுகிறாள் என்றார். பைத்தியம் என்று கடைசிவரை ஒரு மடத்தில் வைத்துவிட்டார்கள். அந்த மடம் இப்போது யந்திரங்களின் அருங்காட்சியகம். லா சப்பலிலிருந்து நடந்தே போகலாம். தவமணியின் நிராகரிப்பு வந்த பிறகு அதன் மதிலோரம் பலதடவை போய் நின்றிருக்கிறேன். கூட்டிச் சொன்ன மனிதரை அடைத்தார்கள். ஒரு சொல்லும் கூட்டாத நான் வெளியே திரிகிறேன்.

போன கிழமை கடைவாசலில் தவமணி விலகிப் போகவில்லை, நேரே வந்தார். மேன்முறையீடு அடுத்த மாதமாம்.

"அண்ணை, அண்டைக்கு நான் என்ன பிழை விட்டனான்?"

"நீங்கள் சிரிச்சனீங்கள், தங்கச்சி."

"நானோ? அவரின்ரை கதை சொல்லேக்கையோ?"

"ஓம்."

அதைக் கேட்டும் சிரித்தார். கண் நிறைந்துவிட்டது.

"உங்கடை அவொக்காவுக்கு அந்தச் சிரிப்பைப் பற்றி நான் ஒரு கடிதம் எழுதித் தாறன். வழக்காடேக்கை அவர் காட்டட்டும்."

"உங்களுக்குக் கரைச்சல் வராதோ அண்ணை?"

"வரட்டும்."

வரும். விசாரணை அறையில் கண்டதை வெளியே எழுதினால் வேலை போகும்.

அன்று பின்னேரமே எழுத உட்கார்ந்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு எப்படித் தெரியும் என்று எழுதப் போனால், என் அண்ணாவின் சாவை எழுதவேண்டி வந்தது. அதை நான் எந்த மொழியிலும் சொன்னதில்லை. பிரெஞ்சில் எழுதி முடித்து, பிழை பார்க்க மகளிடம் கொடுத்தேன். இங்கே பிறந்தவள், தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். பாதியில் நிறுத்தி, இந்த "நான்" யார் என்று கேட்டாள்.

"நான்தான் பிள்ளை," என்றேன்.

அவள் தாளைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"பூர்குவா தூ சூரி, பப்பா?"