எடுத்து வை

லிஃப்ட் அக்காவின் பீரோக் கதவு பல வருஷமாகச் சாத்தியதே இல்லை. ஒரு துடைப்பக்கட்டையை முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள். கட்டையை எடுத்தால் துணியெல்லாம் சரிந்து காலில் விழும். இவ்வளவு இருந்தும் கட்டிக்கொள்ள என்று பார்த்தால் ஒன்றும் தேறாது.

எல்லாம் அவள் பார்த்த வேலையால் வந்த வினை. பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினாள். நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை, "மேலயா, கீழயா?" என்று கேட்பதுதான் பிழைப்பு. கோட்டுக்குள் என்ன கட்டியிருக்கிறாள் என்று எவன் பார்த்தான்? கிழிசலையே கட்டினாள். புதிதாக வந்ததையெல்லாம் "நல்லதுக்கு" என்று உள்ளே திணித்தாள். நல்லது வந்தபாடில்லை. புருஷன் போய்ச் சேர்ந்தான். அப்புறம், ஏறுகிறவர்களே பொத்தானை அமுக்கிக்கொள்ளட்டும் என்று கட்டடத்துக்காரர்கள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அத்தனை வருஷம் ஜனங்களோடு நெரிசலில் இருந்தவளுக்குத் தனி வீடு ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சுக்கு ஆளில்லாமல் கொதிக்கிற தண்ணீரைப் போய்த் திட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் நாத்தனாரை வரச் சொன்னாள்.

நாத்தனார் துணிக்கடையில் வேலை பார்ப்பவள். கட்டியவன் விட்டுவிட்டுப் போனபின் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றாக இருந்து பார்த்தவள். எந்த வீட்டிலும் அவள் துணி பையைவிட்டு வெளியே வந்ததில்லை. பிரித்து வை என்று சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. அந்தப் பையோடுதான் இங்கேயும் வந்தாள். வாசலில், செருப்புக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

அந்தப் பை லிஃப்ட் அக்காவின் கண்ணை உறுத்தியது. அங்கேயே கிடந்தால் என்றைக்காவது தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வீடு மறுபடி காலியாகிவிடும். அதனால் நாத்தனாரின் லீவு நாளாகப் பார்த்து, பீரோவில் பாதியைக் காலி செய்ய உட்கார்ந்தாள்.

"இது என்ன அண்ணி, கொசுவலையா?"

"என் நைட்டிடி. காத்தோட்டமா இருக்கும்."

"காத்து மட்டுமா? தெருவே உள்ள வந்துட்டுப் போகும்."

"உனக்கென்ன, கடையில பொம்மைக்குப் போட்டுவிடுற கை. எனக்கு உடம்பு நோகக் கூடாது."

நாத்தனார் ஒரு ரவிக்கையைத் தூக்கிக் காட்டினாள். "இதுக்குள்ள உங்க ஒரு கைதான் போகும்."

"அப்ப ஒரு கைக்குப் போட்டுக்கிறேன், போடி!"

வாய் சண்டை போட்டாலும் கை வேலை பார்த்தது. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிவிட்ட புடவைகள், அந்தக் கொசுவலை, நீலக் கோட்டு. இதையெல்லாம் லிஃப்ட் அக்கா தன் மடியில் சேர்த்தாள். மொடமொட நல்ல புடவைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று தள்ளினாள். அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்தது. மடியில் இருந்ததை நாத்தனார் பக்கம் நகர்த்தி, "இதை எடுத்து வை" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வந்தது அங்கேதான் வினை. துணிக்கடையில் வாங்க வந்தவர் பத்துப் புடவையைப் பிரித்துப் போட்டு, பிடிக்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கினால், முதலாளி சொல்வது அதே வார்த்தைதான். "எடுத்து வை." கழித்தாகிவிட்டது, கண்ணைவிட்டு அகற்று என்று அர்த்தம். நாத்தனார் காதுக்கு அந்த ஒரு அர்த்தம்தான் பழக்கம்.

லிஃப்ட் அக்கா குடத்தோடு திரும்பியபோது பீரோக் கதவு தானாகச் சாத்தியிருந்தது. திறந்தாள். நல்ல புடவைகள் கடை அலமாரி மாதிரி வரிசையாக நின்றன. பாதித் தட்டு காலி.

"நான் எடுத்து வைக்கச் சொன்னது எங்கடி?"

"எடுத்து வச்சுட்டேனே அண்ணி. தெருமுனை மெக்கானிக் வண்டி துடைக்கப் பழைய துணி கேட்டாருல்ல, குடுத்துட்டு வந்துட்டேன்."

"அடிப்பாவி! நான் கட்டிக்கிறதுக்குன்னு எடுத்து வைக்கச் சொன்னேன்டி!"

"கடையில எடுத்து வைன்னா வேண்டாம்னுதானே அண்ணி..."

"இது உன் கடையா? என் வீடு!"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. நாத்தனார் முகம் சுண்டிப்போயிற்று. நின்று சமாளிக்கத் தெரியாமல் லிஃப்ட் அக்கா தெருவில் இறங்கி நடந்தாள்.

பட்டறையில் புடவைகள் எல்லாம் கைக்குட்டை கைக்குட்டையாகக் கிழிபட்டிருந்தன. நைட்டி எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. மெக்கானிக் நீலக் கோட்டைத் தன் சட்டைமேல் மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான்.

"வாங்கக்கா. நல்ல கோட்டு. என் சட்டை தப்பிச்சுது. ஏன், வேணுமா? கழட்டித் தரவா?"

பிடுங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தாள். அக்குளில் கோட்டு பிய்ந்து தொங்கியது. அவளுக்கும் அந்த இடத்தில்தான் பிய்ந்துகொண்டே இருக்கும். தைத்துத் தைத்து விரல் புண்ணானது ஞாபகம் வந்தது. அதைவிட, வீட்டு வாசலில் இருக்கிற பை ஞாபகம் வந்தது.

"நீயே போட்டுக்க. மேல கீழ போனது எனக்குப் போதும்" என்று சொல்லி வந்த வேகத்திலேயே திரும்பினாள்.

நாத்தனார் செருப்பு மாட்டியாகிவிட்டது. பை கையில்.

"கிளம்புறேன் அண்ணி. கடையில கூட வேலை பார்க்கிறவ வீட்டுல இடம் இருக்காம்."

மன்னிப்புக் கேட்கிற வாய் இல்லை லிஃப்ட் அக்காவுக்கு. பிறந்ததிலிருந்து கிடையாது. நேராக உள்ளே போய்ப் பச்சைப் புடவை ஒன்றை உருவி, கட்டியிருந்ததன் மேலேயே சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"எப்படி இருக்கு?"

நாத்தனாருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "குடையை விரிச்சு வச்ச மாதிரி இருக்கு."

"இனிமே தினம் இதுதான். பாத்திரம் தேய்க்கவும் இதுதான். இந்த மொடமொடப்புக்குக் கீழ உட்கார்ந்து கொசுவம் பிடிச்சுவிட ஒரு ஆள் வேணும். துணியைக் கெடுத்தது நீ, நீயே பிடிச்சுவிடு." கையை நீட்டிக் காட்டினாள். "அந்தப் பையை எடுத்து வை."

நாத்தனார் நகரவில்லை. "எந்த எடுத்து வை அண்ணி? கடை எடுத்து வையா, வீட்டு எடுத்து வையா?"

"வீட்டு எடுத்து வைடி, மண்டு!"

செருப்பு கழன்றது. பையில் அவ்வளவு துணி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பிரித்து அடுக்க அடுக்க வந்துகொண்டே இருந்தது. பாதித் தட்டு நிரம்பி, மீதித் தட்டும் நெருக்கியடித்து, கதவு மறுபடி சாத்த மறுத்தது.

லிஃப்ட் அக்கா முணுமுணுத்துக்கொண்டே துடைப்பக்கட்டையைத் தேடப் போனாள்.