பாலேஸ்வரிக்காக எழுந்து நின்ற கவுண்டி

"கனடா அரசாங்கமே என்னைக் கண்டு எழும்பி நிண்டது" என்றார் பாலேஸ்வரி.

ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பக்கத்தில், அவருடைய பன்னிரண்டாம் மாடி வீட்டில், கணவர் இராஜரட்ணம் செத்து ஒரு வருடம் முடிந்த ஆட்டைத் திவசச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. தொண்ணூற்றேழாம் ஆண்டு. ஸ்காபரோவை ரொறொன்ரோவோடு சேர்த்து ஒரே மாநகரமாக்கப் போகிறார்கள் என்ற கதைதான் அப்போது ஊரெல்லாம். வந்தவர்களும் சோற்றோடு அரசாங்கத்தையும் மென்றுகொண்டிருந்த நேரத்தில்தான் பாலேஸ்வரி இப்படி ஒரு போடு போட்டார்.

"கனடா அரசாங்கமோ, அக்கா?" என்றார் சீமோன். மன்னார்க்காரர், ராக்ஸிக் கார் ஓட்டுபவர், இராஜரட்ணத்தோடு ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போனவர்.

"சரி, கொஞ்சம் கூடிப்போச்சு. கனடா இல்லை, ஒரு கவுண்டி, எங்கடை மாவட்டம் மாதிரி. ஆனா ஒருத்தர் மிச்சமில்லாமல் எழும்பி நிண்டவை. அதிலை பொய் இல்லை. நீரும்தானே பார்த்தனீர்?"

சீமோன் தலையாட்டிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். அதில் பொய் இல்லைதான்.

பாலேஸ்வரி யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சரித்திரமும் குடியியலும் படிப்பித்தவர். பாராளுமன்றம், மாகாணம், நகரசபை என்று கரும்பலகையில் கட்டம் கட்டமாகக் கீறிக் காட்டுவார். ஆனால் அந்தக் கட்டங்களுக்குள் இருக்கும் ஆட்களில் ஒருவரைக்கூட அவர் கிட்டத்தில் கண்டதில்லை. இராஜரட்ணமோ யாழ்ப்பாணக் கச்சேரியில், அரச அதிபரின் அலுவலகத்தில், கிளார்க்காக இருந்தவர். பெரியவர் அறையில் எவரும் கதிரையில் இருக்கக் கூடாது, கேட்டால் மட்டும் வாய் திறக்க வேண்டும் என்பதை அவர் வீட்டிலும் நடித்துக் காட்டுவார். கனடா வந்த பிறகு அவர் ஒரு கட்டடத்துக்குக் காவல் இருந்தார். பாலேஸ்வரி வெக்ஸ்போர்ட் பக்கத்துப் பேக்கரி ஒன்றில் பாண் பொதிசெய்தார்.

நோயில் படுத்திருந்தபோது இராஜரட்ணம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "என்ரை சாம்பலை நான் சீமோனோடை மீன் பிடிக்கப் போற அந்த வின்ரர்போர்ட் துறையிலை கரைச்சு விடுங்கோ. இஞ்சை சனத்துக்குள்ளை நெரிஞ்சது காணும்."

வின்ரர்போர்ட் கவுண்டி ஒஷாவாவையும் தாண்டிக் கிழக்கே, ஏரிக் கரையோடு கிடந்தது. சாம்பல் கரைக்கிற முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது சீமோன் இடம் பார்க்கப் போனார். துறையில் பலகை மாற்றிக்கொண்டிருந்த ஒருவர், இது பொதுத்துறை, கவுண்டி சபையைக் கேட்காமல் ஒன்றும் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார். சபை கூடுவதோ அந்தியேட்டிக்கு முதல்நாள். அங்கே மாட்டோம் என்றால் மனுசன் வாய்விட்டுக் கேட்ட ஒன்றும் இல்லையென்று போகும். பாலேஸ்வரிக்கு நித்திரை போயிற்று.

"ஆரைப் பிடிக்க வேணும் தம்பி? ஆரும் பெரியாக்களின்ரை கடிதம் கொண்டு போவமோ?"

"ஒருத்தரையும் பிடிக்கத் தேவையில்லையாம் அக்கா. போன் பண்ணிக் கேட்டனான். வந்து கதையுங்கோ எண்டினம்."

"வந்து கதைக்கிறதோ? ஆரோடை?"

"அரசாங்கத்தோடைதான்."

போகும் வழியில் கவுண்டி எல்லைப் பலகையில் சனத்தொகை எழுதியிருந்தது. இருபதினாயிரத்துச் சொச்சம். பாலேஸ்வரி காரை நிறுத்தச் சொல்லி அதை இன்னொருமுறை வாசித்தார். நல்லூர்த் தேரன்று ஒரு வீதிக்கே போதாத சனம்! அந்தச் சனத்துக்கு முடிவில்லாத சோளமும், புல்லும், கட்டிவைத்த வைக்கோல் உருளைகளும், ஒரு கவலையுமில்லாத மாடுகளும். வாக்குரிமை இருந்தால் மாடுகள்தான் இங்கே ஆட்சி என்று சீமோன் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை. வெறும் நிலம் இவ்வளவு இருக்கும் என்று பூமிசாத்திரப் புத்தகம்கூட அவருக்குச் சொன்னதில்லை.

சபை மண்டபம் பழைய சுண்ணாம்புக்கல் கட்டடம். சபையின் எழுதுவினைஞர் ஒரு கண்ணாடிக்காரப் பெண். சுவர் முழுக்க மாட்டியிருந்த தாடிக்காரர்களின் படங்களை அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒவ்வொரு ஊரும் தனக்கொரு தலைவரைத் தேர்ந்தெடுக்குமாம். அந்த ஊர்த் தலைவர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரை வார்டன் ஆக்குவார்களாம். அவர்தான் கவுண்டிக்குத் தலைவர், அதுவும் ஒரு வருடத்துக்கு மட்டும். பிறகு அவர் பழையபடி தன் பன்றிப் பண்ணைக்குத்தான்.

"எங்கடை கச்சேரிக்கு மாதிரி இஞ்சை கொழும்பிலையிருந்து ஒருத்தரையும் அனுப்பிறேல்லை" என்று பாலேஸ்வரி தனக்குள் சொல்லிக்கொண்டார்.

முதல் வந்த குடிகள் தெற்கே நடந்த சண்டையில் வீடுவாசல் இழந்து, ஏரி வழியாக வள்ளங்களில் வந்து இறங்கியவர்கள் என்றும் எழுதுவினைஞர் சொன்னார்.

"அகதியள்!" என்றார் பாலேஸ்வரி, சீமோனின் முழங்கையைப் பிடித்து. "அப்ப, அதுக்கு முதல் இஞ்சை இருந்த ஆக்கள் எங்கையெண்டு கேளும்."

சீமோன் கேட்டார். அந்தப் பெண் மூலையில் இருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். ஒரு கல் அம்புமுனை. அவர்களுடைய படம் ஒன்றும் சுவரில் இல்லை.

பெயர் கூப்பிட்டார்கள். பெரிய முட்டைவடிவ மேசையைச் சுற்றி அரசாங்கம் இருந்தது. ஒருவர் கழுத்தில் வெயில் எரித்த சிவப்பு, இன்னொருவர் சட்டையில் வைக்கோல். வார்டனுக்கு முன்னால் மட்டும் ஒரு சின்ன மரச்சுத்தியல். பாலேஸ்வரிக்குக் கதிரை காட்டினார்கள். அவர் இருக்கவில்லை. அரசாங்கத்துக்கு முன்னால் எப்படி இருக்கிறது? மறுபடி காட்டினார்கள். வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர் இன்னும் நிமிர்ந்து நின்றார்.

அப்போதுதான் மேசையின் கடைசியில் இருந்த கிழவர் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தார். பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். கதிரைகள் கிறீச்சிட்டன. கடைசியில் வார்டனும், கையில் சுத்தியலோடு.

ஒரு பெண் நிற்கத் தாங்கள் கதிரையில் இருப்பது அவர்கள் வளர்ப்பில் இல்லை. அது பாலேஸ்வரிக்கு எங்கே தெரியும்? கூட்டம் முடிந்து எழும்பிப் போகிறார்கள் என்று பயந்து, பாடமாக்கி வந்த ஆங்கிலத்தை ஒரே மூச்சில் ஓதித் தீர்த்தார். கணவர், சாம்பல், பூ, ஒரு போத்தல் பால், நாளைக் காலை.

ஒருவரும் போகவில்லை. நின்றபடியே விசாரித்தார்கள். முதலில் எழுந்த கிழவர் ஹார்வி, துறை இருந்த ஊரின் தலைவர். எங்கள் ஊரார் குடிக்கும் தண்ணீர்க் குழாய் அந்தத் துறையடியில்தான் தொடங்குகிறது என்றார். எத்தனை பேர் இனி வருவார்கள் என்று கேட்டார். புயலில் மூழ்கிய கப்பல்களோடு எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் அந்த ஏரிக்கடியில் கிடக்கிறார்கள், இன்னும் ஒருவரை அது தாங்கும் என்றார் வேறொருவர்.

வார்டன் வாக்கெடுக்கப் போவதாகச் சொன்னார். பாலேஸ்வரி கண்ணை இறுக்கி மூடி, முருகா என்றார். சட்டைகள் உரசுகிற சத்தம் கேட்டது, யாரோ ஒரு சொல் சொன்னதும் கேட்டது. பிறகு சுத்தியல்.

"ஓமாம் அக்கா" என்றார் சீமோன்.

காலையில் துறைக்கு வந்தபோது ஹார்வி தன்னுடைய மோட்டார் வள்ளத்தோடு அங்கே நின்றார். கிரியை செய்யக் கூட வந்த ஐயர் வள்ளத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், தான் கரையிலிருந்தே மந்திரம் சொல்லுவதாகச் சொல்லிவிட்டார். வள்ளம் தண்ணீர்க் குழாய் கிடந்த இடத்தைக் கடந்தது, மிதவையைக் கடந்தது. ஐயரின் குரல் காற்றோடு கொஞ்சத் தூரம் வந்து நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் கரை இல்லை. முன்னால் பார்த்தால் ஒன்றுமே இல்லை. வானம் தண்ணீரில் இறங்கிக் கிடந்தது. பாலேஸ்வரி ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். இவ்வளவு பெரிய தண்ணீர், ஒரு கல் உப்பு இல்லை.

ஹார்வி இயந்திரத்தை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். சாம்பல் முதலில் மிதந்தது, பிறகு வெளுத்தது, பிறகு ஏரி ஆயிற்று. பால் ஒரு முகிலைப் போல அதன் பின்னால் போனது. பாலேஸ்வரி அழவில்லை. இத்தனை பெரிய இடம் இந்த மனுசனுக்குக் கிடைத்ததே என்று வாய் திறந்தபடி இருந்தார்.

திவசச் சாப்பாட்டில் எல்லோரும் கையில் சோறு காயக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தரும் எதிர்க்கேல்லை" என்று முடித்தார் பாலேஸ்வரி. "அவ்வளவு கையும் எழும்பினது. அந்த ஹார்வியின்ரை கைதான் முதல்கை."

"இல்லை அக்கா" என்றார் சீமோன்.

"என்ன இல்லை?"

"நீங்கள் கண்ணை மூடிக்கொண்டெல்லோ நிண்டனீங்கள். ஹார்வி கை தூக்கேல்லை. 'எதிர்' எண்டு வாய்விட்டுச் சொன்னவர், அவர் ஒருத்தர்தான். தோத்தாப்பிறகு படியிலை என்னை மறிச்சு, 'குழாயைத் தாண்டி நானே கொண்டுபோய் விடுறன், விடிய எத்தினை மணிக்கு வாறியள்' எண்டு கேட்டவர்."