எனக்கு வராத சளி

அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்த வருஷம், எங்கள் வீட்டில் நோயாளி என்று அறிவிக்கப்பட்டவள் நான்தான். எனக்கு ஒரு குறையும் கிடையாது. மூன்றாம் வகுப்பில் என்னை ஓடிப் பிடிக்க ஆளில்லை. ஆனாலும் அப்பா ஒருநாள், எனக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, தினமும் சாயங்காலம் காற்றாட நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிட்டார்.

அப்போது நாங்கள் திருமுருகன்பூண்டியில் குடியிருந்தோம். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மாவும் அங்கேதான் செக்கிங்கில் இருந்தாள். மாசமானதும் வேலையை விட்டாள். கொஞ்ச நாளில் பேச்சையும் விட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். காலையில் போட்டு வைத்த சோறு அப்படியே காய்ந்திருக்கும். பலகாரத் தட்டை நான் உடைத்த கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அவிநாசிபாளையத்திலிருந்து அத்தை வந்து பார்த்தாள். "மாசமா இருக்கறவ கொஞ்சம் சொணங்கத்தான் செய்வா. இதென்ன ஊருல இல்லாத அதிசயமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா எடை பார்க்கும் மெஷினைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையாம்மா?" என்று கேட்டார்.

"ஒரு பிரச்சினையும் இல்லீங்க. எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க. எனக்குத்தான் பாப்பா மேல ஆசையே வர மாட்டேங்குது. தூங்கினா அப்படியே எந்திரிக்காம போயிட்டாத் தேவலைன்னு இருக்குதுங்க" என்றாள் அம்மா.

எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கொழுகொழுக் குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான் திரும்பினேன்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு கோயமுத்தூரில் மனநல டாக்டர் ஒருவரிடம் போனோம். அது பிடிவாதமோ சோம்பலோ இல்லை, நோய்தான் என்று அவர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். மாத்திரை என்றதும் அம்மா வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள்.

"பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"ஒண்ணுமே ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேம்மா. ஆபத்து கம்மியான மாத்திரையாப் பார்த்துத்தான் தருவேன். ஆனா நீங்க சாப்பிடாம, தூங்காம இப்படியே கிடக்கறதும் பாப்பாவுக்கு நல்லதில்ல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு யோசிங்க."

கடைசியில், முதலில் வாராவாரம் வந்து மனசு விட்டுப் பேசுவது, தினமும் நடப்பது, அது போதவில்லை என்றால் மாத்திரை என்று ஏற்பாடாயிற்று. அம்மாவைத் தனியாக விடக் கூடாது, சாவு நினைப்பு அதிகமானால் உடனே கூட்டிவர வேண்டும் என்று டாக்டர் அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பகலில் பக்கத்து வீட்டு அக்கா அரிசி புடைப்பதும் கீரை ஆய்வதும் எங்கள் வீட்டிலேயே என்று ஆனது அதனால்தான்.

பேசப் போவதற்கு அம்மா வந்தாள். நடக்க மட்டும் மாட்டேன் என்றாள். கால் எழவில்லை என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா கெஞ்சிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சளி பிடித்தது.

"ஏம்புள்ள, எனக்கு ஓவர்டைம் இருக்குது. இவளை நீதான் கூட்டிட்டுப் போகோணும்" என்றார் அம்மாவிடம்.

"எனக்கு இருமலே இல்லீங்கப்பா" என்றேன்.

அப்பா என் காதருகே குனிந்தார். "இருமு சாமி."

இருமினேன். அம்மா வெகுநேரம் அசையவில்லை. பிறகு கையை ஊன்றி எழுந்து செருப்பைத் தேடினாள்.

சிற்பப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலை வழியே நடப்போம். உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அம்மா பேசமாட்டாள். நான் கடமை தவறாமல் மின்கம்பத்துக்கு மின்கம்பம் இருமுவேன். ஒருநாள், தொந்தி மட்டும் செதுக்கிய ஒரு பிள்ளையாருக்கு முன்னால் அம்மா நின்றாள்.

"வயிறு மட்டும் வந்துருச்சு. மத்ததெல்லாம் இன்னும் வரல. என்னாட்டவே இருக்குது" என்றாள். லேசாகச் சிரித்தாள்.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "சிரிச்சாளா? பல்லுத் தெரிஞ்சுதா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, முதலிலிருந்து திரும்பச் சொல்லச் சொன்னார்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. ஒரு சாயங்காலம் பாதி வழியில் கல்லின்மேல் உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்கு வந்ததும், "நடந்து மட்டும் தீராதுங்க. மாத்திரையும் போட்டுக்கறனுங்க" என்று தானாகவே அப்பாவிடம் சொன்னாள்.

அத்தைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அப்பாவின் செல்போனுக்கு வெளியே வரை அவள் குரல் கேட்டது. "வயித்துல இருக்கற புள்ளைக்கு வெசத்தையாடா குடுக்கறீங்க?" தன் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவர் அப்பா. அன்றைக்கு, "எனக்கு அவளும் வேணுமுங்கக்கா" என்றார். போனை வைத்துவிட்டார்.

மாத்திரை போட்ட மறுநாளே எதுவும் மாறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறியது. மதியம் என்ன சாப்பிட்டாய் என்று ஒருநாள் கேட்டாள். இன்னொரு நாள் என் தலையில் எண்ணெய் வைத்தாள். பிறகு பழையபடி திட்ட ஆரம்பித்ததும் அப்பா ஜன்னலோரம் நின்று அதைச் சங்கீதம்போல் கேட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி பிறந்தான். டாக்டர்கள் முதலிலேயே சொல்லியிருந்தபடி கொஞ்ச நாள் அவனைக் கவனித்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறான் என்று அனுப்பினார்கள். பால் கொடுக்கிற காலத்திலும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு அம்மா மாத்திரையைத் தொடர்ந்தாள். எனக்குச் சளி குணமாகிவிட்டதாக அப்பா அறிவித்தார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அம்மா இப்போது நாளெல்லாம் தம்பியோடுதான் இருந்தாள். ஒரு சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே கேட்கும்படி பலமாக இருமினேன். யாரும் வரவில்லை. மறுபடியும் இருமினேன்.

"அடடா, பொல்லாத சளியா இருக்குதே" என்று உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "செருப்பைப் போடு கண்ணு, போலாம்."

தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அம்மாவை எவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடிகிறது என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.