சிரிக்கக் கூடாத எழுத்தாளர்

இந்தோனேசியாவின் செமாராங் நகரில், என் ஜெராக்ஸ் கடை வாசலில் கோழிக் கஞ்சி விற்கும் சுவார்ஜோ, பேய்க்கதை எழுதுகிறவர். முதல் புத்தகம் நன்றாகவே போனது. தெருவே படித்தது, அவர் மனைவி துமினியைத் தவிர. பேய் என்று கேட்டாலே அவள் காதைப் பொத்திக்கொள்வாள். அவள் ஒரு கதை படித்தால் போதும் என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், பாவம்.

இரண்டாவது புத்தகத்துக்குப் பதிப்பகம் ரெஸ்தி என்ற பெண்ணை அனுப்பியது. எழுத்தாளர் என்றால் ஒரு பிராண்ட் வேண்டுமாம். அது அமையாவிட்டால் புத்தகம் கிடையாதாம்.

“பாக் சுவார்ஜோ, இனிமே கறுப்புச் சட்டைதான். சிரிக்கவே கூடாது. கஞ்சி விக்கிறப்பவும்தான். வாசகருங்க இங்கயே வந்து வீடியோ எடுப்பாங்க.”

“கஞ்சி வாங்குறவங்ககிட்டயுமா?”

“அவங்ககிட்டதான் முக்கியமா.”

‘பாக்’ என்று மரியாதையாக ‘ஐயா’ போட்டுத்தான் பேசினாள், ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் துக்கச் செய்தியைக்கூடப் புன்சிரிப்போடுதான் சொல்வோம். சிரிக்காமல் நின்றால் மனத்தாங்கல் என்று பொருள். படித்த பெண்ணுக்கு இதுகூடவா தெரியாது? ஆனால் மனிதருக்குப் புத்தகம் வரவேண்டுமே. மறுநாளே முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கஞ்சி ஊற்றினார்.

நாலாம் நாள் தையல்கார லஸ்த்ரி பொரித்த வாழைப்பழத்தோடு வந்தாள். “என் வண்டிய உங்க வழியில நிறுத்திட்டேன். மனசுல வச்சுக்காதீங்க, பாக்.”

பள்ளிவாசல் காவலாளி, என்றைக்கோ இரவல் வாங்கிய ஏணிக்காக வருத்தப்பட்டார். எங்கள் ஊரில் நோன்புப் பெருநாளன்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளும் மன்னிப்பெல்லாம் ஐந்து மாதம் முன்னதாகவே வந்து சேர்ந்தது. சுவார்ஜோ பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். நானே ஏதாவது தப்புச் செய்துவிட்டேனோ என்று யோசித்தேன், வெட்கக்கேடு.

ஒரு மத்தியானம் கஞ்சிப் பானையை வீட்டுக்குத் தூக்க அவருக்குக் கைகொடுத்தேன். கதவு ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது, ரேடியோ அலறியது. நடுவீட்டில் துமினி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவர் புத்தகம், கடைசிப் பக்கம். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“என்ன பண்ற நீ?” என்றார் சுவார்ஜோ.

“நான் படிக்கலன்னுதானே கோவம்? இந்தாங்க, முடிச்சிட்டேன். இப்பவாவது என்னைப் பாத்துச் சிரிங்க, பாக்.”

 அவர் பானையை அப்படியே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரெஸ்திக்குப் போன் போட்டார்.

“கறுப்புச் சட்டை எல்லாம் எனக்குச் சரிப்படாதும்மா. புத்தகம் போட்டா போடுங்க, இல்லாட்டி விடுங்க.”

பிறகு மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முதல் தடவை எழுதியவன்போலத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கதை எப்படி இருந்துச்சு?”

துமினி புத்தகத்தை மூடினாள்.

“அந்தப் பேய்தான் பாவம். கதை முடியிற வரைக்கும் யாருமே அதுக்கு ஒரு வாய் சோறு போடல.”