மழைக்கு எடுத்து வைத்த ஆறு துண்டுகள்

ஆவணி முதல் வாரத்தில், பாபநாசத்தில் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மரச்சட்டம் நிறுத்தி, பன்னிரண்டு பிளாஸ்டிக் துண்டுகளைக் கிளிப் போட்டு மாட்டினேன். நெல் மூட்டைகளை மூடும் தாளிலிருந்து வெட்டியவை. துண்டுக்கு ஒரு எண்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஐம்பது வயதில்தான் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தேன். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் பிளாஸ்டிக், காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல ஏற்றுக்கொள்ளும். அதனால் புதிதாக உண்டாகும் சேர்மங்களை, அகச்சிவப்புக் கருவி வரையும் கோட்டில் ஒரு சிறு மேடாகக் காணலாம். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு இரண்டு துண்டுகளை எடுத்துவந்து அந்த மேட்டை அளப்பேன். ஆறு மாத அளவுகள்தான் என் கடைசி அத்தியாயம். அவை தவறினால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

இரண்டு மாதம் மேடு ஒழுங்காக வளர்ந்தது. மூன்றாம் மாதம் அப்படியே நின்றுவிட்டது. கருவியைத் துடைத்து மூன்று முறை அளந்தேன். பழைய துண்டை வைத்தால் பழைய அளவே வந்தது. கருவியில் பிழையில்லை.

புதன்கிழமை, சொல்லாமல் பாபநாசம் போனேன். மாடியில் சட்டம் காலியாக இருந்தது.

"என்ன தம்பி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே?" என்றார் அண்ணி. அவர் காட்டிய அறையில், ஒரு முறத்தில், மீதி ஆறு துண்டுகளும் எண் வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெள்ளைத் துணி.

"ஐப்பசி பொறந்ததுலேர்ந்து ஒரே மூட்டம். கொடியில துணி எடுக்கறப்ப இதையும் எடுத்து உள்ளயே வெச்சுட்டேன். நீங்க வர்ற அன்னைக்குக் காலைல நம்பர் பாத்து மாட்டிடுவேன்."

ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவர் முகம் மாறியது.

"கெட்டுப்போச்சா தம்பி?"

"நனையணும் அண்ணி. அதுக்காகத்தான் மாட்டுனேன்."

"நீங்க அப்படிச் சொல்லலையே."

அன்றிரவு டைரியில் ஆவணிப் பக்கத்தைத் திருப்பினேன். 'அண்ணியிடம் சொன்னது: இவை வெயிலில் காய வேண்டும்.' என் கையெழுத்துதான். காயப்போட்டதை மழைக்கு எடுக்காத வீடு எங்கள் பக்கத்தில் எது?

ஒரு வருடம் கூடுதலாகக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அந்த ஆறு துண்டுகளையும் எறியவில்லை. தனி உறையில், அண்ணியின் வெள்ளைத் துணியோடு வைத்திருக்கிறேன். பன்னிரண்டு புதிய துண்டுகளை மாட்டி, இந்த முறை முழுவதும் விளக்கினேன். சரி சரி என்று கேட்டுக்கொண்டார்.

நான்காம் நாள் மாலை போன் வந்தது.

"தம்பி, மழை வந்துடுச்சு. துணியெல்லாம் எடுத்துட்டேன். உங்களோடத எடுக்கல."

"நல்லதுங்க அண்ணி."

"நனையுது. பாக்கவே மனசு கேக்கல. கீழ வந்துட்டேன்."

மணி பார்த்து எழுதினேன்: 'பாபநாசம். மழை தொடக்கம் 4.10. அண்ணி எடுக்கவில்லை.'

அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் அவரிடமிருந்து போன் வருகிறது. நின்ற பிறகும் ஒன்று.