வாய்க்கால் பாலத்துச் சிவப்பு முக்கோணம்

தவளக்குப்பத்தில் கடலூர் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு சின்ன வாய்க்கால் பாலம் வரும். அதன் கைப்பிடிச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு முக்கோணம், கீழே ஓர் எண். ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் "அது என்னப்பா?" என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்கிறீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர் என்பதால் ஊரே சொல்தா தாத்தா என்று கூப்பிடும். ஐப்பசி மழை வலுத்தால் வாய்க்கால் தண்ணீர் அவர் வீட்டுக்குள் ஏறிவிடும். மனைவி நடக்க முடியாதவர். அவரைக் கட்டிலோடு தூக்கிப் பலகைமேல் வைத்துவிட்டு விடியும்வரை நின்றுகொண்டே இருப்பாராம். அதனால் அதே மனையில் புது வீடு கட்ட ஆரம்பித்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: தண்ணீர் உள்ளே வரக்கூடாது. அங்கே எனக்குக் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலை. படம் போட்டுத் தந்து, வேலையையும் பார்த்துக்கொள்ள எஞ்சினியர் ஆபீஸிலிருந்து ஓர் இளம் பெண் வந்தார். எங்களுக்கு மேடம், தாத்தாவுக்குப் பிரெஞ்சு முறையில் மதாம்.

கம்ப்யூட்டருக்குள்ளேயே வீட்டை முழுசாகக் கட்டிப் பார்க்கிற சாஃப்ட்வேர் அவரிடம் இருந்தது. ஒருநாள் டீ நேரத்தில் எனக்குக் காட்டினார். அதில் உயரத்தை இரண்டு புள்ளிகளிலிருந்து எண்ணலாம். ஒன்று வீட்டின் சொந்தப் புள்ளி. தரைதான் அதற்குப் பூஜ்யம். மற்றது ஊருக்குப் பொதுவான புள்ளி, கடல்மட்டத்திலிருந்து எண்ணுவது. பாலத்துச் சுவரில் சர்வேயர் போட்ட முக்கோணத்தின் முனைதான் கம்ப்யூட்டரில் அந்தப் பொதுப் புள்ளி. கீழே உள்ள எண் கடல்மட்டத்திலிருந்து அந்த முனையின் உயரம். அதைத் தெரியாமல் நகர்த்திவிட்டால் திரையில் ஒரு செங்கல்கூட அசையாது, எண்கள் மட்டும் மாறிவிடும் என்றார். "எண்ணைப் பாக்காதீங்கண்ணா, எங்கேருந்து எண்ணினதுன்னு பாருங்க" என்பார்.

அஸ்திவாரத்துக்கு மேல், வீட்டுத் தரை உட்காருகிற பெல்ட் கான்கிரீட் போடுகிற நாள். வானம் கறுத்துக் கிடந்தது. காலையில் வந்த புதுப் படத்தின்படி பலகை அடித்து முடித்திருந்தோம். கான்கிரீட் லாரி வாசலில் நின்று உருளையைச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது தாத்தா தடியை ஊன்றிக்கொண்டு வந்து பலகையைப் பார்த்தார், திரும்பித் தன் பழைய வாசலைப் பார்த்தார்.

"மதாம், என் பழைய வாசப்படியே இதைவிட ஒசரமா இருக்குதே? அதைத் தாண்டித்தானே தண்ணி வருது?"

"பெருசு, நீ போய் உக்காரு. படத்துல என்ன இருக்குதோ அதான்" என்றார் காண்ட்ராக்டர்.

மேடம் சிமெண்ட் மூட்டைமேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தார். "அண்ணா, பாலத்துக் குறிக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். ஓடினேன். அங்கிருந்தே எண்ணைக் கத்தினேன். முதல் தூறல் விழுந்தது. திரும்பி வந்தபோது அவர் திரையில் விரலை வைத்துக் காட்டினார். கம்ப்யூட்டரில் அந்தப் புள்ளி ஏறக்குறைய ஒரு முழம் மேலே போயிருந்தது. அதனால் படத்து எண்களெல்லாம் அந்த முழம் குறைந்து, பாலத்துக் குறியிலிருந்து அளந்த நாங்களும் பலகையைத் தாழ்த்தி அடித்துவிட்டோம்.

"லாரியைத் திருப்பி அனுப்புங்க" என்றார் மேடம், காண்ட்ராக்டரிடம்.

"ஏம்மா, வெளையாடுறியா? டிரம்முல கான்கிரீட் மாலு எறுகிடும். மழை வந்தா குழி பூரா ரொம்பிடும். ஆபீஸ்ல அனுப்பின படம், அவங்க பாத்துக்குவாங்க. நீ தள்ளு!"

ஆபீஸ்மேல் பழியைப் போட்டுவிட்டு மேடம் ஒதுங்கியிருக்கலாம். அந்த எண்ணை வைத்துத் தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை. லாரியின் கான்கிரீட் கொட்டும் வாய்க்கும் பலகைக்கும் நடுவில் போய் நின்றார்.

"ஆபீஸ் இல்ல சார், நான்தான். நேத்து வேற ஒண்ணத் திருத்தும்போது அந்தப் புள்ளியும் கூட நகந்துடுச்சு. நான் கவனிக்கல. தப்பு என்னுது. இன்னைக்குப் போடக் கூடாது."

காண்ட்ராக்டர் தலையில் அடித்துக்கொண்டு, லாரிக்காரரைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். கொட்டுகிற மழையில் பலகைகளைப் பிரித்து ஒரு முழம் ஏற்றினோம். மறுநாள் மேடம் வரவில்லை. அந்தப் பெண் இனிமேல் தன் சைட்டில் கால் வைக்கக் கூடாது என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வேறு ஒருவர் வந்தார்.

அடுத்த ஐப்பசியில் பெருமழை. மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். பழைய வீட்டுக்குள் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு நின்றது. புது வீட்டில் மேல்படியை நனைத்துவிட்டு, வாசல் நிலைக்கு ஒரு சாண் கீழே நின்றிருந்தது. உள்ளே பாட்டி தூங்கிக்கொண்டிருந்தார். தாத்தா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "மதாமுக்குச் சொல்லுப்பா" என்றார். எங்கே போய்ச் சொல்வது? அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் அந்தச் சாலைக்கு மேல்மேலாகத் தார் போட்டு, பாலத்துச் சுவர் குள்ளமாகிவிட்டது. முக்கோணமும் வெளுத்துச் செங்கல் நிறமாகிவிட்டது. நான் அந்த வழியாகப் போனால் வண்டியை மெதுவாக்கிப் பார்ப்பேன். நிறம்தான் போயிருக்கிறது, பிள்ளைகளே. முனை அங்கேயேதான் இருக்கிறது.