ஒரு சாண் முன்னால்

லாட்ஜ் குளியலறைச் சுவரில் ஒட்டியிருந்த வெள்ளை ஓடுகளில் ஒரு கோடு நடுவில் வளைந்திருந்தது. நூருல் அமீன் முதலில் கொத்தனாரைத்தான் திட்டினான். பல் துலக்கிவிட்டு மறுபடி பார்த்தான். இப்போது வேறொரு கோடு வளைந்திருந்தது. அவன் எங்கே பார்த்தானோ அந்த இடமெல்லாம் வளைந்தது. இடது கண்ணைப் பொத்தினான். வளைவு கூடியது, நடுவில் காபி சிந்தின மாதிரி ஒரு மங்கல். வலது கண்ணைப் பொத்தினான்; சுவர் பழையபடி நேராகிவிட்டது.

சிதம்பரத்தில் அப்போது மணி ஏழு. நான் இருக்கிற ஷார்ஜாவில் ஐந்தரை. வெளிநாட்டில் இருப்பவனுக்கு அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் ஒரே அர்த்தம்தான். எடுப்பதற்குள் மனசுக்குள் மூன்று பேரைச் சாகடித்திருந்தேன்.

"மச்சான், யாருக்கும் ஒண்ணும் இல்ல. என் கண்ணுதான்."

"கண்ணுக்கு என்னடா?"

"கோடெல்லாம் கோணலாத் தெரியுது. வலது கண்ணுல. நஸீமாகிட்ட சொல்லிடாத."

நஸீமா என் தங்கை, அவன் மனைவி. அவனும் நானும் கடலூர் முதுநகரில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவனைப் போல் பயப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை, என்னைத் தவிர. பாலிடெக்னிக் முடித்ததும் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தான். சைரன் ஊதினால் போதும், வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடுவான். அது சாப்பாட்டு நேரத்துச் சைரன். எட்டு மாதம் ஓடிவிட்டு, சென்னையில் சினிமாவுக்குக் கேமரா வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனியில் பெட்டி தூக்கப் போனான்.

அங்கேதான் அவனிடம் இருந்த ஒரு வித்தை வெளியே வந்தது. அவன் அத்தா ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவர். கடையில் மீட்டர் கோலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கு எதைப் பார்த்தாலும் அளவு தெரிந்தது. எதிரே நிற்கிற ஆள் எத்தனை அடி, எத்தனை இன்ச் தள்ளி நிற்கிறார் என்று சொல்வான். டேப் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். அதனால் ஃபோகஸ் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கேமராமேன் காட்சியைப் பிடிப்பார். நடிகர் நடந்து கிட்டே வர வர முகம் மங்காமல் இருக்க, லென்ஸின் வளையத்தைத் தூரத்துக்கு ஏற்பத் திருப்பிக்கொண்டே இருப்பது ஃபோகஸ் பிடிப்பவன் வேலை. சரியாகச் செய்தால் அப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. தப்பினால் திரையில் எல்லோருக்கும் தெரியும்.

அவனுடைய கேமராமேன் கார்த்திகேசன், சிதம்பரத்துக்காரர். ஒரு துளு படத்தின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கியவர். அந்தப் படத்துக்கு ஃபோகஸ் நூருல்தான். விருது வாங்கிய வாரம் ஒரு பேட்டியில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என் ஃபோகஸ் ஆளு பயந்தாங்கொள்ளி. அதனாலதான் எனக்கு ஃபோகஸ் போறதில்ல." அந்த வீடியோவை நஸீமா எனக்கு நாலு முறை அனுப்பினாள். இப்போது சிதம்பரம் லாட்ஜில் தங்கியிருந்ததும் அவருடைய படத்துக்காகத்தான்.

கார்த்திகேசனின் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஃபோகஸ் தப்பினால், தப்பவிட்டவன்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். "ஃபோகஸ் போச்சு சார், ஒன் மோர்." அவ்வளவுதான். காரணம் சொல்லக்கூடாது, மன்னிப்புக் கேட்கக்கூடாது. அவரும் திட்ட மாட்டார், மறுபடி எடுப்பார்கள். மறைத்துவிட்டுப் பின்னால் திரையில் மாட்டிக்கொண்டவனை மறுநாள் யாரும் அங்கே பார்த்ததில்லை. அவரிடம் இருந்த பதினாலு வருஷத்தில் நூருல் பயப்படாமல் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

படப்பிடிப்பு இல்லாத நாளில் கடலூருக்கு வந்து கண் டாக்டரைப் பார்த்தான். சொட்டு மருந்து விட்டதில் ரோடு தெரியாமல் போய், நஸீமாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. விழித்திரைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். பெரும்பாலும் மூன்று நாலு மாதத்தில் தானாக வற்றிவிடும்; சிலருக்கு வற்றாது. ஓய்வு வேண்டும், தூக்கம் வேண்டும்.

"முக்கியமா டென்ஷன் ஆகாதீங்க. இது டென்ஷன் ஜாஸ்தி உள்ளவங்களுக்கு வர்றது. பயந்தீங்கன்னா இன்னும் ஜாஸ்தியாவும்."

நஸீமா டாக்டரிடம் சொன்னாளாம்: "இவருகிட்ட பயப்படாதீங்கன்னு நீங்க சொன்னதே தப்பு டாக்டர். இப்ப பயந்துடுவோமோன்னு பயப்படுவாரு."

அப்படியேதான் ஆனது. நெஞ்சு ஒரு முறை வேகமாக அடித்தால், கண்ணுக்குள் ஒரு சொட்டு நீர் கூடிவிட்டதென்று கணக்குப் போட்டான். தினமும் இரண்டு முறை எனக்குப் போன் வரும். சார்கிட்ட சொல்லிடு என்று நான் ஒரு முறை சொன்னேன்.

"பதினோரு நாள்தான் மச்சான் பாக்கி. சொன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு. கண்ணு கெட்ட ஃபோகஸ்காரன்னு ஒரு தடவ பேரு வந்துச்சுன்னா அப்புறம் கண்ணு நல்லானாலும் எவன் கூப்பிடுவான்? இடது கண்ணு நல்லாத்தானே இருக்கு."

நான் வற்புறுத்தவில்லை. பத்தாயிரம் மனிதர்கள் வேலைக்கு நிற்கிற ஊரில் இருந்துகொண்டு, உள்ள வேலையை விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிள்ளைக்குக் கிழக்கே, காயலில் அந்தக் காட்சி. புருஷனைக் கடலில் பறிகொடுத்த பெண் படகைத் தானே துடுப்பால் தள்ளிக்கொண்டு தூரத்திலிருந்து வந்து, கேமராவுக்கு மூன்றடியில் நிற்கிறாள். முகம் மட்டும். வெயில் சரியும் நேரத்து வெளிச்சம்தான், விளக்கு கிடையாது. லென்ஸை முழுசாகத் திறந்தாக வேண்டும்; அப்போது மூன்றடியில் மூக்கு தெளிவாக இருந்தால் காது மங்கும். அவ்வளவு மெல்லிய இடம்.

தூரம் அளக்க, கேமராவின் உடம்பில் இரு பக்கமும் ஒரு சின்ன உலோகக் குமிழ் இருக்கும். படம் விழுகிற இடத்துக்கு நேராக வைத்தது. டேப்பின் முனையை அதில் மாட்டித்தான் அளக்க வேண்டும். வழக்கமாக நூருல் கேமராவுக்கு வலப்பக்கம் நிற்பான். அன்று இடது கண்ணால் பார்க்க வேண்டி மறுபக்கம் நின்றான். அந்தப் பக்கம் முன்னால், வெயில் மறைப்பைத் தாங்க அதே மாதிரி இன்னொரு குமிழ். விரலுக்குத் தட்டுப்பட்டதில் டேப்பை மாட்டினான். எல்லா அளவும் எடுத்தான், எண்களை லென்ஸில் ஒட்டிய வெள்ளைப் பட்டையில் எழுதினான். ஒன்பது முறை எடுத்தார்கள். கையளவு மானிட்டரில் வெயில் அடித்தது. ஒன்பது முறையும் கார்த்திகேசன் திரும்பிப் பார்த்தார். ஒன்பது முறையும் நூருல் சரியென்று தலையை ஆட்டினான்.

மறுநாள் லாட்ஜில் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்கள். தூரத்தில் எல்லாம் சரியாக இருந்தது. படகு கிட்டே வர வர முகம் மங்கியது. மூன்றடியில் கண் எது, இமை எது என்று தெரியவில்லை. முகத்துக்கு ஒரு சாண் முன்னால் இருந்த துடுப்பின் பிடி, அதில் ஒட்டியிருந்த சேறு உட்படத் தெளிவாக இருந்தது.

கார்த்திகேசன் ஒன்பதையும் பார்த்தார். ஒன்பதிலும் அதே சாண்.

"மனுஷன் தப்பினா ஒரே மாதிரி தப்ப மாட்டான். லென்ஸ் ஆடியிருக்கு. லென்ஸை எவன் தூக்கினது?"

தூக்கினது சிலம்பரசன். வாடகைக் கம்பெனி அனுப்பிய ஆள், நெல்லிக்குப்பத்துக்காரன். நாற்பது வயசு, தொப்பை, ஓயாத வாய். முன்பு இரண்டு படத்தில் ஃபோகஸ் பிடித்திருக்கிறான்; பிறகு வாய்ப்பு வரவில்லை, மறுபடி பெட்டிக்கே வந்துவிட்டான். கம்பெனிக்குப் போன் போனது. லென்ஸோடு அவனைச் சென்னைக்கு வரச் சொன்னார்கள். அன்று மதியமே ஃபோகஸ்காரர்கள், கேமரா உதவியாளர்கள் எல்லாம் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி: இன்னாரை இனி எங்கள் கம்பெனி சார்பாக யாரும் வேலைக்கு வைக்க வேண்டாம். கீழே அவன் படம்.

நூருல் கேமரா வைத்திருந்த அறைக்குத் தனியாகப் போனான். பின்னால் இருந்த, அளக்க வேண்டிய குமிழில் சுண்டுவிரலை வைத்தான். கையை விரித்தான். முன்னால் இருந்த குமிழில் கட்டைவிரல் போய் உட்கார்ந்தது.

அங்கே உட்கார்ந்தபடியேதான் எனக்குப் போன் செய்தான். டேப்பைத் தப்பான குமிழில் மாட்டியதை மெல்ல மெல்லச் சொல்லி முடித்தான்.

நான் சொன்னதை மறைக்கப் போவதில்லை. "சும்மா இரு. லென்ஸை சோதிச்சுப் பாத்தா நல்லாருக்குன்னு தெரிஞ்சிடும். அவன் தப்பிச்சுடுவான். நீயா போயி மாட்டிக்காத" என்றேன்.

"பேரைப் போட்டுட்டாங்க மச்சான். சோதிச்சு நல்லாருக்குன்னு தெரிஞ்சா அத எவன் குரூப்புல போடப் போறான்?"

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு சிலம்பரசன் உள்ளே வந்திருக்கிறான். போனை வைக்க நூருலுக்குத் தோன்றவில்லை. இரண்டு பேர் பேசியதும் எனக்குக் கேட்டது.

"பாய், கெளம்புறேன் பாய்."

"உக்காரு சிலம்பு."

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன். படகுலேருந்து எறக்கும்போது பொட்டி லேசா இடிச்சுது பாய். லேசாத்தான். நான் யாருகிட்டயும் சொல்லல. அதாத்தானே இருக்கும்?"

நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம். மறுபடி சிலம்பரசன் குரல்தான்.

"என் பொண்டாட்டி அப்பவே சொன்னா, கரும்பு வண்டி ஓட்டுனா கரும்பாவது திங்கலாம், நீ கண்ணாடிய தூக்கிக்கிட்டு திரியறியேன்னு. இனிமே வண்டிதான். வண்டியில எத்தினி தடவ இடிச்சாலும் கரும்பு ஒண்ணும் சொல்லாது." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்று, மூக்கு உறிஞ்சுகிற சத்தம்.

"சிலம்பு, பொட்டிய கீழ வையி. பஸ் ஏறாத. அரை மணி நேரம் இரு."

போன் கட்டாகிவிட்டது. அந்த அரை மணி நேரம் நான் ஆபீசில் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் சொல்லாமல் இருந்துவிடுவான் என்று பயந்தேன். சொல்லிவிடுவான் என்றும் பயந்தேன்.

நடந்ததைப் பிறகு அவனே சொன்னான். கார்த்திகேசன் லாட்ஜ் வாசலில், ஆட்டோ நிற்கிற இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். இவன் போய் நின்றான். ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டானாம்.

"ஃபோகஸ் போனது என்னால சார்."

அவர் டீயைக் கீழே வைத்தார். காரணம் கேட்கிற வழக்கம் இல்லை. ஆனால் கேட்டார். குமிழைச் சொன்னான், கண்ணைச் சொன்னான்.

"எத்தினி நாளா?"

"ஒன்பது நாளு சார்."

"ஒன்பது நாளா ஒத்தக் கண்ணோட என் படத்தை எடுத்திருக்க. ஒரு வார்த்த சொல்லல."

"பயந்துட்டேன் சார்."

"எனக்கா?"

"வீட்டுக்குப் போகச் சொல்லிடுவீங்கன்னு."

"போ. இப்பப் போ."

அவ்வளவுதான். கத்தவில்லை. போனை எடுத்து, நூருல் இருக்கும்போதே கம்பெனிக்குப் பேசினார். தப்பு எங்கள் பக்கம், லென்ஸ் நன்றாக இருக்கிறது, சிலம்பரசன் பேரைக் குரூப்பில் போட்ட மாதிரியே குரூப்பில் எடுக்க வேண்டும், அதுவரை உங்கள் கம்பெனியின் கேமரா எனக்கு வேண்டாம். ஒரு மணி நேரத்தில் செய்தி வந்தது. அதற்குள் நூருல் கடலூர் பஸ்ஸில் இருந்தான்.

ஒரு வாரம் வீட்டில் கிடந்தான். தூங்கினான் என்று நஸீமா சொன்னாள். "கொறட்ட விடுறாரு அண்ணே. நான்தான் தூங்கல." கண் அப்படியேதான் இருக்கிறது, அடுத்த ஸ்கேன் அடுத்த மாதம். வற்றுமா வற்றாதா என்று டாக்டருக்கே தெரியாது.

நேற்று மதியம் அவனிடமிருந்து போன்.

"மச்சான், சிலம்பு பேசினான். அந்தக் காயல் ஷாட்டை நாளைக்கு மறுபடி எடுக்குறாங்களாம். அவன்தான் ஃபோகஸ்."

"நல்லது."

"'உங்களால என் வேல போச்சு, உங்களால திரும்பி வந்துச்சு, இப்ப உங்களால என் உசுரு போவுது பாய். சார் மூச்சு என் காதுல படுது. வந்து பக்கத்துல நில்லுங்க பாய்'ங்கறான். சார் வரச் சொன்னாரான்னு கேட்டேன். சார் ஒண்ணும் சொல்லலியாம். கேமராவுக்குப் பக்கத்துல நாற்காலி ஒண்ணு ஜாஸ்தியா போடச் சொன்னாராம்."

"அப்புறம் என்ன?"

"எதுக்கு மச்சான் ஜாஸ்தியா ஒரு நாற்காலி? எல்லாரு முன்னாடியும் உக்கார வச்சுக் கேக்கவா? இல்ல, வேற யாராச்சும் பெரிய ஆளு வர்றாங்களா? நான்பாட்டுக்குப் போயி நின்னா, நீ எங்கடா இங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

அவன் கேட்டபிறகு எனக்கும் அதே பயம் வந்துவிட்டது. போகாதே என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, போனில் ஒரு குரல் காதைக் கிழித்தது: "புதுச்சத்திரம் எறங்கு, புதுச்சத்திரம்! படியில நிக்காத பெருசு, உள்ள ஏறு!"

"டேய், எங்க இருக்க நீ?"

"பஸ்ஸுல. ஆலப்பாக்கத்துலயே எறங்கிடப் பாத்தேன் மச்சான். சிதம்பரம் வர்ற வரைக்கும் கட் பண்ணாத, ஏதாச்சும் பேசிக்கிட்டே இரு."